கறுப்புக் குழாய்க்குள் துருவா?

"ரோட்டோரம் அடுக்கியிருக்கும் கறுப்புக் குழாய்கள் துருப்பிடித்த பழசு, பிளாஸ்டிக் சுற்றி ஏமாற்றுகிறார்கள்" என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. தவறு.

அவை எஃகுக் குழாய்கள். துருவின் மேல் அந்தப் பிளாஸ்டிக் பூச்சு சரியாக ஒட்டவே ஒட்டாது. முதலில் இரும்புத் துகள்களை வேகமாக அடித்து, எஃகு பளிச்சிடும்வரை சுத்தம் செய்வார்கள். அப்புறம் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எபாக்சி என்ற பிசின் பொடி, ஒட்டும் அடுக்கு, மேலே கறுப்புப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் எனப் பூசுவார்கள். உயர் மின்னழுத்தத் தூரிகையால் வருடிப் பார்ப்பார்கள். பொறி பறந்தால் அங்கே பூச்சில் ஓட்டை.

படத்தில் தெரிவது முனைத் துரு. வெல்டிங்குக்காக அந்தச் சில அங்குலத்தைப் பூசாமல் விடுவது வழக்கம். வெயில், மழையில் அங்கே செந்துரு படியத்தான் செய்யும். பற்றவைக்கும் முன் தேய்த்துவிடுவார்கள்.

சந்தேகமா? குழாயில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால், உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.