விருச்சிக ராசிப் பெண் என்றால் உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் சொந்தக்கார குரூப்பில் என்ன ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீடியோவை நான் மறுபடி இங்கே போட மாட்டேன். பின்னால் ஒரு தேள் படம். விருச்சிக ராசிப் பெண் பழிவாங்குவாள், சந்தேகப்படுவாள், நாக்கில் விஷம், புருஷனை முந்தானையில் முடிந்துகொள்வாள். போட்டவர் போட்ட நேரம் எது? என் தங்கை மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். பெண் விருச்சிகம், கேட்டை. மாப்பிள்ளை வீட்டாரும் அதே குரூப்பில்தான் இருக்கிறார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் "யோசிச்சுச் சொல்றோம்" என்று போன் வந்துவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

ஒரு பெண்ணின் குணத்தை அவளோடு பழகித்தான் சொல்ல முடியும். ராசியை வைத்துச் சொல்ல முடியாது. இதைத்தான் குரூப்பிலும் எழுதினேன். உடனே ஒருவர், "பாத்தீங்களா, தேள் கொட்ட ஆரம்பிச்சிடுச்சு" என்று போட்டார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. சிரித்தவர்களில் என் கையால் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

அந்த வீடியோவை ஒருவராவது காது கொடுத்துக் கேட்டீர்களா? ஆரம்பத்திலேயே "அக்டோபர் 23 முதல் நவம்பர் 21 வரை பிறந்த பெண்கள்" என்று வருகிறது. அது மேல்நாட்டுக்காரர்கள் சூரியனை வைத்துச் சொல்லும் ஸ்கார்ப்பியோ பலன். நம் வீடுகளில் ராசி என்பது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம். விசாகம் நாலாம் பாதம், அனுஷம், கேட்டை இவற்றில் சந்திரன் இருக்கும்போது பிறந்தால் விருச்சிகம். சித்திரை மாதத்தில் பிறந்தவளும் விருச்சிகமாக இருக்கலாம், ஆடி மாதத்தில் பிறந்தவளும் இருக்கலாம். எங்கள் பெண் பிறந்தது மாசியில். அந்த வீடியோ சொல்லும் கணக்குக்குள்ளேயே அவள் வரமாட்டாள்! யாருக்கோ எழுதியதை எடுத்து இவள் தலையில் கட்டி, வந்த வரனையும் கெடுத்தாயிற்று.

"அப்போ ஜோசியமே பொய்ங்கிறியா?" என்று கேட்பீர்கள். நான் கடலூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவள், என் வீட்டிலும் பஞ்சாங்கம் இருக்கிறது. முறையாகப் படித்த ஜோசியர் முதலில் லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்த ராசி, என்ன என்று கேட்பார். செவ்வாய் எங்கே, என்ன தசை, நவாம்சம் எப்படி என்று பார்ப்பார். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஒரே நாளில் ஒரே ராசியில் பிறந்தவர்களுக்கே பன்னிரண்டு லக்னம் வரும். ஜோசியத்தை நம்புகிறவர்கள்தான் இந்த வீடியோவைப் பார்த்து என்னைவிட அதிகமாகக் கோபப்பட வேண்டும்.

"எனக்கு அப்படியே பொருந்துதே" என்பவர்களுக்கும் சொல்கிறேன். 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, இதுதான் உன் குணம் என்றார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்.

என் பெரியம்மாவும் விருச்சிகம்தான், அனுஷம். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்தபோது அவர்கள் தோப்பில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அதைப் பார்த்து அழக்கூட அவர்களுக்கு நேரமில்லை. ஓடு பறந்துபோன பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூடத்தில் படுக்க வைத்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து கஞ்சி காய்ச்சினார்கள். எந்த நாக்கில் விஷம்? என் தங்கை மகளோ யாராவது குரலை உயர்த்தினாலே கண் கலங்கிவிடுவாள். ஒரே ராசி, இரண்டு பேருக்கும் துளி ஒற்றுமை கிடையாது. எங்கள் மாமா ஒருவரும் விருச்சிகம். அவர் கோபப்பட்டால் "மனுஷன் உறுதியானவர்". நாங்கள் கோபப்பட்டால் தேளா?

எனக்கும் கேட்டைதான். கேட்டை மச்சாண்டாருக்கு, அதாவது புருஷனின் அண்ணனுக்கு, ஆகாது என்று சொல்லியே என் ஜாதகம் எத்தனையோ வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் உதிர்ந்து, மடிப்பு கிழிந்து, அம்மா அதைப் பின்பக்கம் காகிதம் வைத்து ஒட்டிக்கொடுப்பார்கள். தரகர், "பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி அனுஷம்னு எழுதிடலாம்மா, ராசி மாறாது" என்றார். அம்மா, "எம்பொண்ணு பிறந்த நேரத்தை நான் ஏன் மறைக்கணும்?" என்று அவரை அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அண்ணன் இல்லாத தலைச்சன் பிள்ளையாகத் தேடித்தான் என் கல்யாணம் நடந்தது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. எல்லாம் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளையின் நட்சத்திரம் எங்கள் வீட்டில் யாருக்கு ஆகாது என்று ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை.

வைகாசி மாதம் இருட்டிய பிறகு தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று தென்கிழக்கே பாருங்கள். கடலுக்கு மேலே சிவப்பாக ஒன்று தெரியும். அதுதான் கேட்டை. அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேரவே சுமார் 550 வருஷம் ஆகிறது. அதுவா மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒருவரின் உயிருக்கு உலை வைக்கும்?

"சும்மா ஜாலிக்குப் போட்டது, இதைப் போய்ப் பெரிசு பண்றியே" என்கிறீர்கள். யாருக்கு ஜாலி? அந்தப் பெண் நேற்று, "பெரியம்மா, நான் நிஜமாவே அப்படியா?" என்று என்னிடம் கேட்டாள். எம்.எஸ்சி. படித்த பெண். அவளை அப்படிக் கேட்க வைத்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்குக் கோபம் வந்தாலும் சரி. எத்தனை பவுன் போடுவீர்கள் என்ற பேச்சு முடியும்வரை கேட்டை யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஜாதகம் அவர்கள் கையில் இருந்தது, பொருத்தமும் பார்த்தாயிற்று. நாங்கள் சொன்ன பவுன் போதவில்லை என்றதும்தான் ராசி ஞாபகத்துக்கு வந்தது. வீடியோ நல்ல சாக்காக அமைந்தது. பவுன் போதாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். பழியை ஏன் பெண்ணின் குணத்தின் மேல் போடுகிறீர்கள்?

வீடியோ இன்னும் குரூப்பில் இருக்கிறது. அதை எடுக்கும்வரை நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். எங்கள் பெண்ணின் ஜாதகம் கேட்பவர்கள் இனி என்னிடம் கேளுங்கள். முதல் வரியிலேயே விருச்சிகம், கேட்டை என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.