சுட்டவர்தான் அந்த மூட்டைக்கும் பொறுப்பு

போன வாரம் ஓடைப்பக்கம் நடந்துகொண்டிருந்தபோது முதலில் நாற்றம்தான் வந்தது. பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தால் மூன்று கறுப்பு பிளாஸ்டிக் மூட்டைகள். ஒன்றை ஏதோ விலங்கு கிழித்துப் போட்டிருந்தது. உள்ளே மானின் தலை, விலா எலும்புகள், சுருட்டித் திணித்த தோல். மற்ற இரண்டின் வாயிலும் இறுக்கமாக இரட்டை முடிச்சு. வண்டியில் ரத்தம் ஒழுகிவிடக் கூடாது என்று யாரோ பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த அக்கறையில் பாதி ஓடைத் தண்ணீர் மேல் இருந்திருக்கக் கூடாதா?

உரிமத்தோடு, விதிப்படி வேட்டையாடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விழுந்த இடத்திலேயே, காட்டுக்குள் குடலை எடுத்துப் போட்டால் நரியும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். நோய் பரவாத இடங்களில் அதைப் பல நாட்டு விதிகளும் அனுமதிக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்து கறியை வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பல மைல் தள்ளிச் சாலையோரத்திலும் நீர்நிலையிலும் வீசுவது வேறு. அதோடு நோயும் ஊர் விட்டு ஊர் போகிறது.

மான்களைத் தாக்கும் சீக்கு ஒன்று இருக்கிறது. மூளை சிதைந்து, உடல் வற்றி, நின்ற இடத்திலேயே தள்ளாடிச் சாகும். 1967-இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கவனித்தார்கள். இன்று 30-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் இருக்கிறது. 2016-இல் நார்வேயின் கலைமான்களிடமும் கண்டுபிடித்தார்கள். இதற்குக் காரணம் பிரியான் என்ற திரிந்த புரதம். கிருமி வேகவைத்தால் செத்துவிடும், இது அழியாது; மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அது அதிகம் சேரும் இடங்கள் மூளையும் தண்டுவடமும் கண்ணும் நிணநீர்க் கட்டிகளும். வேட்டைக்காரர் வேண்டாம் என்று வீசுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான். காட்டுப்பன்றி என்றால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அந்த வைரஸ் செத்த உடலில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, பன்றி வளர்ப்பவரின் பிழைப்பை ஒரே வாரத்தில் முடித்துவிடும்.

ஈயத்தையும் சொல்லியாக வேண்டும். ஈயத் தோட்டா உடலுக்குள் பொடிப்பொடியாகச் சிதறும். அந்தக் குடலைத் தின்ற பறவைக்கு விஷம் ஏறும். 1982-இல் கலிஃபோர்னியா காண்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகு வெறும் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. ஈய நஞ்சு அதன் அழிவுக்குப் பெரிய காரணம். கடைசியில் அந்த மாநிலம் 2019-இலிருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே தடை செய்தது.

இவ்வளவு தெரிந்தும் தண்டனை என்னவோ பெரும்பாலும் குப்பை போட்டதற்கான அபராதம்தான். துப்பாக்கிக்கும் வண்டிக்கும் அத்தனை செலவு செய்பவருக்கு அது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். அபராதம் இருக்கட்டும், கூடவே உரிமத்தைப் பிடுங்குங்கள். முதல் தடவை ஒரு வேட்டைப் பருவம், மறுபடி செய்தால் பல ஆண்டு. ஒரு வேட்டைக்காரருக்கு உண்மையில் வலிப்பது அந்தப் பருவத்தை இழப்பதுதான். அதே சமயம், வேட்டைப் பருவத்தில் எச்சங்களைப் போட மூடியுள்ள தொட்டிகளை அரசு வைக்க வேண்டும். போட இடம் காட்டாமல் தண்டிப்பது நியாயமாகாது.

அள்ளும் செலவும் வீசியவர் தலையிலேயே விழ வேண்டும். நான் தகவல் சொன்ன பிறகு துப்புரவுப் பணியாளர்கள் இரண்டு பேர் வந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி அந்த மூட்டைகளைத் தூக்கினார்கள். கையுறை ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது.