ஆமைக்குக் காவல் இருப்பவருக்கு யார் கூலி கொடுப்பது?

பொன்னேரியில் இருந்து ஒரு தங்கச்சி இன்பாக்ஸில் கேட்டிருந்தாள்: "அக்கா, நீங்க கோஸ்டாரிகா போய் ஆமைக்கு வாலண்டியரா இருந்தீங்களாமே, நானும் போகலாமா? வீட்டுல காசு வேஸ்ட்னு சொல்றாங்க." இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

போகலாம். காசு வேஸ்ட் இல்லை. எனக்கு டிக்கெட்டோடு சேர்த்து மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது, நான்கு வருஷச் சேமிப்பு, இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் கட்டுகிற பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுப் போ. குஞ்சைக் கையில் வைத்து செல்ஃபி எடுக்கலாம் என்று விளம்பரம் போடுகிற இடத்துக்குப் போகவே போகாதே.

நான் இருந்தது டோர்ட்டுகேரோ. கரீபியன் கடலோரம், ரோடு கிடையாது, படகில்தான் போக வேண்டும். பழவேற்காடு ஏரியில் இருக்கம் தீவுக்குப் போகிற மாதிரியே இருந்தது எனக்கு. ஜூலையில் இருந்து அக்டோபர் வரை பேராமை என்கிற பச்சைக் கடலாமைகள் அங்கே முட்டையிட வரும். 1950களில் ஆர்ச்சி கார் என்ற விலங்கியலாளர் ஆரம்பித்த கணக்கெடுப்பு இன்னும் நடக்கிறது. ராத்திரியில் கருப்புத் துணி, சிவப்பு விளக்கு, பேச்சே கூடாது. குழிக்குப் பின்னால் குப்புறப் படுத்து, விழுகிற முட்டைகளை எண்ணுவதுதான் என் வேலை. இரண்டும் மூன்றுமாக, வழவழவென்று, பிங்பாங் பந்து மாதிரி விழும். அன்றைக்கு 112. எண்ணி முடிக்கும்போது ஆமை பின்துடுப்பால் மண்ணைத் தள்ளி மூட ஆரம்பித்தது, என் முகமெல்லாம் மணல், நான் அசையவில்லை.

என்னைக் கூட்டிப் போனவர் அந்த ஊர்க்காரர். அவருடைய தாத்தா ஆமை பிடித்து விற்றவர். இவருக்கு இப்போது ஆமையைக் காப்பதுதான் சம்பளம். ஊர் வழிகாட்டி கூட இல்லாமல் சுற்றுலா வருகிறவர் யாரும் ராத்திரியில் முட்டையிடுகிற ஆமையைப் பார்க்கப் போக முடியாது. ஊருக்கே சோறு போடுவது ஆமை என்றால் ஊர் அதைச் சாக விடுமா?

நம் பக்கம் வருவோம். பங்குனி ஆமை என்று நம் கடற்கரையில் சொல்வோமே, அதைத்தான் ஆலிவ் ரிட்லி என்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னையைச் சுற்றியுள்ள கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தவற்றை நானே பார்த்தேன். ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும், இழுவலைக்குள் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். அது தப்பிக்க வலைக்குள் வைக்கிற ஒரு கம்பிச் சட்டம் உண்டு, டெட் (TED) என்பார்கள். அதை நாம் பயன்படுத்தவில்லை என்றுதான் 2019-இல் அமெரிக்கா நம் கடலில் பிடிக்கிற இறாலை வாங்குவதை நிறுத்தியது. இழுவலை போடுவது விசைப்படகு, இது அவர்கள் விஷயம். ஆனால் அந்த வாரம் முகநூல் முழுக்கத் திட்டு வாங்கியது மீனவர் எல்லாரும்தான், என் மாமா போல ஃபைபர் போட்டில் போகிறவரும் சேர்த்து.

மாமா பழவேற்காடு பக்கம் லைட் ஹவுஸ் குப்பத்துக்காரர். ஆமை என்று கூடச் சொல்லமாட்டார், குட்டி ஆண்டவர் என்பார். போன மாசியில் அவர் வலையில் ஒன்று மாட்டியது, முன்துடுப்பில் நைலான் மூன்று சுற்று இறுகி, தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. புது வலை. கத்தியை எடுத்து அறுத்தார், ஒரே இடத்தில் இல்லை, நாலு இடத்தில், துடுப்பில் கீறல் படாமல். அது ஒரு தரம் தலையைத் தூக்கி மூச்சு விட்டுவிட்டு உள்ளே போனது. "வலையைக் கட்டிக்கலாம்மா" என்றார். வலையைச் சரி செய்ய ஆறாயிரம் ரூபாய், அதுவரை நான்கு நாள் தொழில் இல்லை. யாரும் ஒரு ரூபாய் தரவில்லை.

மகாராஷ்டிரத்தில் 2018 முதல் இப்படி வலையை அறுத்து ஆமையை விட்டால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறார்கள். அங்கேயே ரத்னகிரி பக்கம் வேளாஸ் என்ற கிராமத்தில் 2006 முதல் ஆமைத் திருவிழா நடக்கிறது, குஞ்சு கடலுக்குப் போவதைப் பார்க்க வருகிறவர்கள் ஊர் வீடுகளிலேயே காசு கொடுத்துத் தங்கிச் சாப்பிடுகிறார்கள். டோர்ட்டுகேரோவில் நான் பார்த்ததும் இதே கணக்குதான். நம் கரையில் மட்டும் ஏன் மீனவன் நஷ்டப்பட்டு ஆமையைக் காக்க வேண்டும், காக்காவிட்டால் ஏன் திட்டு வாங்க வேண்டும்? எனக்குக் கோபம் இதில்தான்.

சரி தங்கச்சி, கோஸ்டாரிகாவுக்குப் பணம் சேரும்வரை காத்திருக்காதே. தை மாதம் இங்கே வா. வனத்துறை அனுமதியோடு ராத்திரி கரையில் நடக்கிற குப்பத்துப் பையன்கள் இருக்கிறார்கள், அவர்களோடு நடக்கலாம். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக் கொண்டு வா. முட்டையை நீயாகத் தொடாதே, சட்டப்படி குற்றம். மாமா வீட்டில் தங்கலாம், அத்தை வஞ்சிரம் குழம்பு வைப்பார். கிளம்பும்போது தங்கினதுக்கும் சாப்பிட்டதுக்கும் காசு கொடு. வேண்டாம் என்பார், சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வா.