கடல் அங்கேயேதான் இருந்தது, வியாபாரம்தான் போய்விட்டது

துறைமுகம் இருந்தால் போதும், ஊர் தானாகச் செழித்துவிடும் என்று நம்புகிறவர்கள் திரியெஸ்தேயின் கதையைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டி இருக்கிற ஊர்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சில ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். 1719இல் ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் அதைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக அறிவித்தார். அவர் மகள் மரியா தெரசா காலத்தில் உப்பளங்களைத் தூர்த்து, நேர்நேராகத் தெருக்கள் போட்டு, ஒரு புது நகரத்தையே எழுப்பினார்கள். நடுவே ஒரு கால்வாய். பாய்மரக் கப்பல் கிட்டத்தட்ட வீட்டு வாசலுக்கே வந்து சரக்கை இறக்கும். கீழ்த்தளம் கிடங்கு, மாடியில் முதலாளியின் குடும்பம். கிரேக்கர், செர்பியர், யூதர், ஆர்மீனியர் என்று யார் வேண்டுமானாலும் வந்து தொழில் செய்யலாம், அவரவர் சாமியைக் கும்பிடலாம். (இதைப் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு வியாபாரக் கணக்காகத்தான் தெரிகிறது. இருக்கட்டும், நல்ல கணக்குதான்.)

சரக்கு பெருகினால் காப்பீடு வேண்டுமே? 1831இல் ஜெனராலி கம்பெனி பிறந்தது. பிறகு ஆஸ்திரியன் லாயிட் நீராவிக் கப்பல்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், 1857இல் வியன்னாவிலிருந்து மலைகளைத் தாண்டி வந்து சேர்ந்த ரயில். 1910இல் மக்கள்தொகை ஏறத்தாழ 2,30,000.

1918இல் பேரரசு உடைந்து, ஊர் இத்தாலியின் கைக்குப் போனது. அதற்காகவே ஏங்கிக் கிடந்தவர்கள் ஊருக்குள் நிறையப் பேர். ஆசை நிறைவேறியது, பிழைப்பில் மண் விழுந்தது. ஜெனோவா, வெனிஸ், நேப்பிள்ஸ் எல்லாம் வைத்திருக்கிற இத்தாலிக்கு மூலையில் இன்னொரு துறைமுகம் எதற்கு? அதே கடல், அதே கிடங்குகள். பின்னால் இருந்த வியன்னாவும் பிராகும்தான் வேறு வேறு நாடுகளின் ஊர்களாகிவிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்னும் மோசம். 1954 வரை பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ நிர்வாகம், முதுகுப்பக்கம் யூகோஸ்லாவியா.

இன்று டன் கணக்கில் இத்தாலியின் முன்னணித் துறைமுகம் அதுதான். இதை யாராவது பெருமையாக எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். அதில் பெரும்பகுதி கச்சா எண்ணெய். டேங்கரிலிருந்து இறங்கிய கையோடு, 1967இல் தொடங்கிய குழாயில் ஏறி, ஆல்ப்ஸ் தாண்டி ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் ஓடிவிடும். காப்பிக்குப் பேர்போன அந்த ஊரில் ஒரு காப்பி குடிக்கக்கூட நிற்பதில்லை!

நான் பார்ப்பது ரயிலை. துருக்கியிலிருந்து கப்பலில் வருகிற லாரி டிரெய்லர்களை அங்கே ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்புகிறார்கள். ஊர் பழைய தொழிலுக்குத் திரும்பியது இதில்தான். 2019இல் இத்தாலி சீனாவோடு ஒப்பந்தம் போட்டதும், துறைமுகத்தைச் சீனாக்காரன் வளைத்துவிடுவான் என்று ஐரோப்பா முழுக்க ஒரே கூச்சல். கடைசியில் 2021இல் அங்கே ஒரு முனையத்தின் பெரும்பங்கை வாங்கியது ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகக் கம்பெனி. மலைக்கு அந்தப் பக்கத்து ஆள்தான்.