எங்களுக்கு ஒப்பந்தம் புரியாது என்று யார் சொன்னது?

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில், இந்தியாவோடு பேசிக்கொண்டிருக்கிற எட்கா என்ற வர்த்தக ஒப்பந்தம் பற்றி நடந்த கலந்துரையாடல் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. இதைப் பற்றி எனக்கு எழுதியவர்களுக்கும் இதிலேயே பதில் சொல்கிறேன். கூட்டத்தில் ஒரு தங்கச்சி எழுந்து நின்று கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இதுல தோட்டத்து ஆளுங்களுக்கு என்ன சார் இருக்கு?" மேடையில் இருந்தவர் சிரித்தார். "நீங்க சம்பளப் பிரச்சினையப் பேசுங்க மகள், சர்வதேச வர்த்தகம் வேற சப்ஜெக்ட்" என்றார். முன்வரிசை கைதட்டியது. பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். அவர் சொன்னதைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு வலித்தது. தட்டியவர்களில் பாதிப்பேரை அவர்களுடைய அம்மாமார் கொழுந்து பறித்துத்தான் படிக்கவைத்தார்கள். என்னையும் அப்படித்தான்.

வேறு சப்ஜெக்ட் என்று ஒன்று கிடையாது. எங்கள் சம்பளமும் இதே சப்ஜெக்ட்தான். இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன். ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று யாருக்காவது தோன்றினால், ஆமாம், சொல்கிறேன்.

ஒப்பந்தம் என்ற சொல்லை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் அப்பாயிக்கு ஒப்பந்தம் என்றால் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 1964 அக்டோபரில் டெல்லியில் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் இருக்கிற 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்பாயியின் அண்ணன் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் போய் அங்கேயும் தேயிலைத் தோட்டத்திலேதான் வேலைக்குச் சேர்ந்தார். அப்பாயி கண்மூடும்வரை அவரைத் திரும்பப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு ஒப்பந்தம் என்றால் சம்பளத்துக்காகத் தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் செய்த கூட்டு ஒப்பந்தம். கொழும்பில் கையெழுத்தாகி, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் செய்தியாக வரும். லீவு நாளில் புல்லு வெட்டவும் கான் வெட்டவும் கூலி பேசி எடுப்பது கொந்தரப்பு. அதுவும் ஒப்பந்தம்தானே! இப்படி ஒப்பந்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளையைப் பார்த்து, இது உனக்கு வேறு சப்ஜெக்ட் என்று சொன்னால் எப்படித் தாங்குவது?

2017 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா 18ஆம் தேதியிலிருந்து இலங்கைத் தேயிலையை நிறுத்திவைத்தது. அம்மா அப்போது வேலையில் இருந்தார். காலையில் பெரட்டில் கங்காணி, "ரஷ்யாக்காரன் நிப்பாட்டிட்டான், கொழுந்து சுத்தமா இருக்கணும், முத்தல் இருந்தா கழிச்சிருவேன்" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் அம்மா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "ரஷ்யாக்காரனுக்கு நம்ம மேல என்னடி கோவம்?"

என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் பத்திரிகைகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக நமது அரசாங்கம் முடிவு எடுத்திருந்தது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கிற பெரிய நாடு ரஷ்யா. தேயிலைத் தடை வந்த சில நாட்களிலேயே அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை, அன்றைய செய்திகளே போட்டன.

இப்போது நாம் இருக்கிற வரிசை வீடுகளின், நம் லயங்களின் கூரையைப் பாருங்கள். எங்கள் காம்பராவின் பின்பக்கம் அப்பா சொந்தக் காசில் ஒரு சமையல்கட்டு இழுத்தார், மேலே அஸ்பெஸ்டஸ் சீட். சீட்டை முற்றத்தில் போட்டு, ஹெக்ஸோ பிளேடால் அவரே அறுத்தார். அறுக்க அறுக்க வெள்ளைத் தூள் பறந்தது. அப்பாவின் புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை. தூள் சோற்றுச் சட்டியில் விழுகிறது என்று அம்மா கத்தினார், நான் விளக்குமாறு எடுத்து அதைக் கூட்டித் தள்ளினேன். அந்தத் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைக் குறைக்க நாடு எடுத்த முடிவு, நாங்கள் பறித்த கொழுந்து துறைமுகம் தாண்டவேண்டும் என்பதற்காகக் கைவிடப்பட்டது. கொழுந்தும் எங்களுடையது, கூரையும் எங்களுடையது. மேடையில் இருந்த ஐயாவே, இது சம்பளப் பிரச்சினையா, வர்த்தகப் பிரச்சினையா?

சரி, "ஏற்றுமதி இல்லாவிட்டால் உன் தோட்டமே பற்றைக்காடு, வாங்குகிறவனோடு ஒப்பந்தம் போடாமல் எப்படி?" என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டீர்கள், இன்பாக்ஸில் நான்கு பேர். ஏற்றுமதி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஏற்றுமதிக்கென்றே இந்த மலைக்குக் கூட்டிவரப்பட்டவர்கள் நாங்கள். முதலில் கோப்பி, அது நோயில் அழிந்ததும் தேயிலை. சந்தை விழுந்தால் முதல் அடி யாருக்கு என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் கேட்பது, போட்ட ஒப்பந்தம் கொழுந்து நிறுக்கிற மடுவம்வரை என்ன கொண்டுவந்தது என்பதைத்தான். இந்தியாவோடு 1998 டிசம்பரில் கையெழுத்தான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வருடத்துக்கு 1.5 கோடி கிலோ தேயிலை குறைந்த வரியில் போகலாம் என்று இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் சில துறைமுகங்கள் வழியாக மட்டும்தான் கொண்டுபோகலாம் என்று கட்டுப்பாடு. அதோடு, இந்தியாவில் பெரும்பாலானவர்கள் குடிப்பது சி.டி.சி. என்ற குருணைத் தூள், நாம் செய்வது பெரும்பாலும் இலையை உருட்டிச் செய்கிற ஓர்தொடொக்ஸ். அந்த அளவில் சிறு பங்குகூட ஒழுங்காகப் போகவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தேயிலை ஸ்டோரில் தூள் செய்கிற டீமேக்கர் ஒருவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

வாங்குகிறவன் கதை இன்னொன்றும் இருக்கிறது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 2012இலிருந்து பாக்கி, சுமார் 25 கோடி டொலர். அதைத் தேயிலையாகவே அடைக்க 2021 டிசம்பரில் கையெழுத்துப் போட்டார்கள், மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதிக்கு என்று திட்டம். டொலர் இல்லாத நேரத்தில் நாட்டுக்கு அது உதவி, நான் மறுக்கவில்லை. நாட்டின் எண்ணெய்க் கடனை அடைக்கிற அளவுக்கு இந்தக் கொழுந்துக்கு மதிப்பு இருக்கிறது. அம்மாவின் தோட்டத்தில் 18 கிலோ வந்தால்தான் ஒரு பேர், அதாவது ஒரு முழுநாள் சம்பளம். மழையில் 15 கிலோ எடுத்துவிட்டு அரைப்பேரோடு வந்து, ஈரச் சாக்கை உதறிக்கொண்டே வாய் பேசாமல் அடுப்படிக்குப் போவார். அந்த நாட்களில் நாங்களும் அவரிடம் எதுவும் கேட்கமாட்டோம்.

"அப்போ யூனியன்காரர்கள் என்ன செய்தார்கள்?" கேளுங்கள், அவர்களிடமே கேளுங்கள். நானும் கேட்கிறேன். ஆனால் அதைச் சொல்லி என் வாயை அடைக்க வேண்டாம்.

ஜீ.எஸ்.பி. பிளஸ் என்று ஐரோப்பா தருகிற வரிச் சலுகையால் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு கார்மென்ட்டில் வேலை கிடைத்தது தெரியுமா என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். தெரியும் அண்ணன். என் சின்னம்மா மகள் கட்டுநாயக்காவில் மெஷினில் இருக்கிறாள். அவள் அனுப்பும் காசில்தான் சின்னம்மா வீட்டில் கரண்ட் பில் கட்டுகிறார்கள். ஐரோப்பா அந்தச் சலுகையை 2010 ஆகஸ்டில் எடுத்ததும், 2017 மே மாதம் திருப்பித் தந்ததும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்களே ஒரு சொல் சொன்னீர்களே, சலுகை என்று. தருகிறவர் நினைத்தால் எடுக்கலாம். 2010இல் எடுத்தது மனித உரிமை உடன்படிக்கைகளை இலங்கை ஒழுங்காக நிறைவேற்றவில்லை என்ற காரணத்துக்காக. தப்பு செய்தது யார், ஓவர்டைம் போனது யாருக்கு? 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீத வரி என்று அறிவித்த அன்று இரவு அவள் எனக்குப் போன் எடுத்து அழுதாள். லைனில் எல்லாரும் ஓடர் நின்றுவிடும் என்று பேசிக்கொண்டார்களாம். பிறகு 30 ஆனது, ஆகஸ்டில் 20 ஆனது. நாலு மாதம் அந்தப் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வர்த்தகம் அவளுக்கு வேறு சப்ஜெக்டா? 44, 30, 20 மூன்றையும் அவள் தேதியோடு சொல்லுவாள்.

நல்லதும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஜீ.எஸ்.பி. பிளஸ்ஸுக்கு 27 உடன்படிக்கைகளை ஏற்கவேண்டும், அதில் சங்கம் சேரும் உரிமையும் கட்டாய வேலைக்கு எதிரானதும் இருக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு நாமும் பேசலாம். பேசத்தான் அந்தத் தங்கச்சி எழுந்தாள்.

முதலீட்டு ஒப்பந்தம் பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார், "வெளிநாட்டுக் காசு வந்தால் உனக்கு என்ன கஷ்டம்?" என்று. இதற்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்லவேண்டும். முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றின் பேரில் ஒரு கம்பனி ஒரு நாட்டுக்கு எதிராகப் போட்ட வழக்கில் உலகத்திலேயே முதல் தீர்ப்பு எந்த நாட்டுக்கு எதிராக வந்தது தெரியுமா? இலங்கைக்கு. மட்டக்களப்பு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்த இறால் பண்ணை. 1987 ஜனவரியில் பாதுகாப்புப் படை நடவடிக்கையில் பண்ணை அழிந்தது, அங்கே வேலை செய்தவர்கள் கொல்லப்பட்டார்கள். பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கம்பனி, பிரிட்டனும் இலங்கையும் 1980இல் செய்த ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டது. 1990 ஜூனில் தீர்ப்பு. கம்பனிக்கு 4,60,000 டொலரும் வட்டியும் கொடுக்கச் சொன்னார்கள். கம்பனிக்கு வழக்குப் போட ஒரு வாசல் இருந்தது. செத்துப்போன தொழிலாளியின் பெண்டாட்டிக்கு அந்த ஒப்பந்தத்தில் வாசல் இல்லை. இதைப் படித்த அன்று நான் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பாடவேளைக்கு மணி அடித்ததே கேட்கவில்லை.

பழைய கதை என்பீர்கள். எண்ணெய் விலை ஒப்பந்தம் ஒன்றுக்காக ஜெர்மன் வங்கி ஒன்றுக்கு 6 கோடி டொலருக்கு மேல் கொடுக்கச் சொல்லி 2012இலும் தீர்ப்பு வந்தது. அந்தக் காசு யாருடையது? தேத்தூளுக்கும் பருப்புக்கும் வரி கட்டுகிற எல்லாருடையதும்.

நமது அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையை யாராவது படித்திருக்கிறீர்களா? வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் ஒப்பந்தம் ஒன்றைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அங்கீகரித்துவிட்டால், அதற்கு எதிராகச் சட்டம் போடுவது சாதாரண விசயமில்லை. அவ்வளவு காவல். எங்கள் அப்பா பிறந்த காம்பராவுக்கு இன்றுவரை ஓர் உறுதிப் பத்திரம் இல்லை. வீட்டுக் காணி 7 பேர்ச்சஸ் என்றார்கள், 10 பேர்ச்சஸ் என்றார்கள். அப்பா பெயர் கொடுத்து, படிவம் நிரப்பி, போட்டோ கொப்பி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். உறை இன்னும் அங்கேதான் இருக்கிறது, அப்பாதான் இல்லை. அவர் போனதற்கும் அந்த வெள்ளைத் தூளுக்கும் சம்பந்தம் உண்டா என்று டொக்டரிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள். காணிக்கும் எட்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு ஒப்பந்தம் யாரைப் பாதுகாக்கிறது, யாரை எண்ணிக்கையாக மட்டும் எழுதுகிறது என்பதுதான் சம்பந்தம். 1964இல் எங்களை எண்ணினார்கள். இப்போது கிலோவை எண்ணுகிறார்கள். மேசைக்கு மட்டும் கூப்பிடவில்லை.

"நீ பொருளாதாரம் படித்தவளா?" இல்லை. தமிழும் சமூகக்கல்வியும் படிப்பிக்கிறேன். ஒப்பந்தத்தின் வரைவைத் தமிழில் தாருங்கள், வரி வரியாகப் படிக்கிறேன். புரியாத இடத்தில் கேட்கிறேன். பதில் சொல்வது உங்கள் வேலை, சிரிப்பது இல்லை.

அடுத்த கூட்டம் நுவரெலியாவில் என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ரஷ்யாக்காரனுக்கு என்ன கோபம் என்ற கேள்வியை இன்னும் அவர் மறக்கவில்லை, அவரே கேட்கட்டும். தங்கச்சி, உன் பெயர் எனக்குத் தெரியாது, இதைப் படித்தால் நீயும் வா. முன்வரிசையில் எங்கள் பக்கத்தில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன்.