மினுக்கின காருக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள்

போன கிழமை நல்லூர்ப் பக்கம் ஒரு கலியாண வீடு. வாசலில் மொறிஸ் மைனர் ஒன்று நின்றது. மல்லிகை மாலை, முகம் பார்க்கலாம் போல பெயின்ட், கண்ணாடிபோல பம்பர். ஒழுங்கைக்குள் திரும்பும்போது முன்சில்லில் இருந்து ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். மாப்பிள்ளை இறங்கின பிறகு ஸ்டியறிங்கை முழுதாக ஒடித்து நிறுத்தச் சொல்லி, சில்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். கிறீஸ் அடிக்கிற நிப்பிளுக்கு மேலேயே பெயின்ட் அடித்திருந்தது. பல வருசமாக அதன் வழியாக ஒரு துளி கிறீஸும் போகவில்லை என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து இதை எழுதவேண்டும் என்று மனதுக்குள் கிடந்தது.

எங்கள் வீட்டில் நிற்பது 1959ஆம் ஆண்டு மைனர், 948 சிசி எஞ்சின், ஸ்ரீ இலக்கத் தகடு. அப்பா வாங்கியது. 90களில் பெற்றோல் இல்லாத காலத்தில், கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கார்களில் இதுவும் ஒன்று. புகையும் மணமும் இப்பவும் ஞாபகம். அவ்வளவு பாடுபட்ட கார் கடைசியில் விழுந்தது சண்டையால் இல்லை, கிறீஸ் போடாததால். ஆறு வருசத்துக்கு முன்னம் எங்கள் ஒழுங்கை முடக்கில் நடக்கிற வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். ‘டக்’ என்றொரு சத்தம். முன்பக்கம் இடது மூலை நிலத்தில் குந்திவிட்டது. இறங்கிப் பார்த்தால் சில்லு மட்காட்டுக்குக் கீழே மடிந்து கிடந்தது. பின்சீற்றில் அம்மா இருந்தார். ஐந்து நிமிடத்துக்கு முன்னம்தான் கே.கே.எஸ். வீதியில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்திருந்தோம். அதை நினைத்தால் இப்பவும் கை குளிரும்.

அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னம்தான் ஒரு கராஜில் ‘சஸ்பென்ஷன் முழுக்கப் பார்த்தாச்சு’ என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தார்கள். பின்பக்கம் புது ஷொக், அதாவது குலுக்கத்தை அடக்கும் சாமான், பூட்டியிருந்தார்கள். முன்பக்கம் ஒருவரும் தொட்டிருக்கவில்லை.

மைனரின் முன்சில்லு எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் பலர் ஷொக்குக்குச் செலவழிக்கிறார்கள். இதற்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. காரின் அடியில் நீளவாக்கில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருக்குக் கம்பிகள் ஓடுகின்றன, டோர்ஷன் பார். சில்லு மேலே எழும்பும்போது அந்தக் கம்பி முறுகும், பிறகு தன்பாட்டில் விடுபடும். அலெக் இசிகோனிஸ் வரைந்த கார் இது, 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. முதல் செய்த மாதிரிக் காரின் அகலம் அவருக்குத் திருப்தியில்லை என்று காரையே நடுவால் வெட்டி, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். பொனட் நடுவில் ஓடும் அந்தத் தட்டையான பட்டை அதன் அடையாளம்தான். கொம்பனி முதலாளி நபீல்ட் பிரபுவுக்கு இந்த வடிவம் பிடிக்கவேயில்லை, தண்ணீரில் அவித்த முட்டை போல இருக்கிறது என்றாராம். அந்த முட்டைதான் 10 லட்சத்தைத் தாண்டின முதல் பிரிட்டிஷ் கார். வளைவில் அது றோட்டைப் பிடிக்கிற பிடி அப்படி. அந்தப் பிடியைத் தந்தது இந்த முன்பக்கச் சஸ்பென்ஷன்.

சரி, இதில் பலவீனமான இடம் எது? சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் திருகுப் புரி இருக்கிறது. அந்தப் புரி ஒவ்வொன்றும் ஒரு ட்ரனியனுக்குள், அதாவது உள்ளே புரி வெட்டின ஒரு மூட்டுக்குள், சுழல்கிறது. ஸ்டியறிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தப் புரிக்குள்தான் திரும்புகிறது. கீழ் ட்ரனியனில் அந்த மூலையின் பாரம் முழுக்கத் தொங்குகிறது. கிறீஸ் இருந்தால் அது எத்தனையோ வருசம் நிற்கும். கிறீஸ் வற்றினால் புரி தேயும், தேய்ந்த புரி ஒரு நாள் கழன்று வரும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் அது நடக்கிறது. எங்களுக்கும் அப்படித்தான். செம்பாட்டுப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இன்னும் மோசம், பழைய கிறீஸில் செம்மண் தூசி குழைந்து இரும்பை அரைக்கிற பசையாகிவிடும்.

ஆகவே என் கருத்து இதுதான். மைனர் வைத்திருப்பவர் அதன் முன்பக்கத்தை ஒருமுறையாவது தன் கையால் கழற்றிப் பூட்டவேண்டும். காசு மிச்சம் பிடிக்க இல்லை. ஒருமுறை கழற்றினவர் பிறகு ஒருநாளும் கிறீஸ் போட மறக்கமாட்டார்.

நானும் மருமகனும் மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். அவனுக்கு அப்போது பதினேழு வயது. முதல் ஞாயிறு முழுக்கக் கழுவினதும் துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டதும்தான். இரண்டாம் ஞாயிறு கழற்றினோம். பக்கத்து வீட்டு ஐயா, பழைய மெக்கானிக், கதிரையைப் போட்டு இருந்துகொண்டு வழி சொன்னார். நான் இரண்டு பனங்குற்றியை உருட்டிக்கொண்டு வந்தபோது அவர் எழும்பிவிட்டார். “தம்பி, பனங்குற்றியில ஏத்திப்போட்டு கீழ படுக்கிற வேலை வேண்டாம். ஸ்டாண்ட் இல்லாட்டி இண்டைக்கு வேலை இல்லை.” அவர் வீட்டிலிருந்தே இரண்டு இரும்பு ஸ்டாண்ட் வந்தது. சஸ்பென்ஷன் வேலையை வீட்டில் செய்வது ஆபத்து என்று சொல்பவர்களோடு இந்த இடத்தில் நானும் சேர்கிறேன். செங்கல், குற்றி, வெறும் ஜக் இவற்றை நம்பிக் கீழே போகாதீர்கள்.

சில்லைக் கழற்றி, கீழ் ட்ரனியனைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கிற கீழ்க்கைக்கு அடியில் ஜக்கை வைத்துக் கொஞ்சம் உயர்த்தினோம். முறுகின கம்பியின் பலம் முழுக்க அந்தக் கையில் நிற்கிறது, ஜக் இல்லாமல் கழற்றினால் கை அடித்து இறங்கும். மைனரின் கீழ்க்கை இரண்டு பாதியாக இருப்பது பெரிய புண்ணியம். பின்பாதியில்தான் டோர்ஷன் பார் பூட்டியிருக்கிறது, ஜக் அதன் கீழ்தான் நிற்கவேண்டும். முன்பாதியை மட்டும் எடுத்தால் ட்ரனியன் வெளியே வரும், கம்பியைத் தொடவே தேவையில்லை. தொடாவிட்டால் காரின் உயரமும் மாறாது. ஸ்டியறிங் மூட்டையும் பிறேக் குழாயையும் பிரித்து, ஜக்கை மெல்ல மெல்ல இறக்கி, தண்டை வெளியே எடுத்தோம்.

தப்பியிருந்த வலது பக்கத்து ட்ரனியனை மண்ணெண்ணெயில் கழுவி மருமகனின் கையில் கொடுத்தேன். அவன் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தான். ஓரத்தில் இரண்டு மூன்று புரி கூராக விரலில் பிடித்தது, நடுவில் வழவழவென்று ஒன்றுமில்லை. “மாமா, இதிலயா இவ்வளவு காலமும் நாங்கள் திருக்கேதீச்சரம் போய் வந்தனாங்கள்?” என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை.

புதுச் சாமான் பாதி கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் எடுத்தோம், பாதி லண்டனில் இருக்கும் மச்சான் அனுப்பினார். ஒரு காலத்தில் இலங்கையில் செய்த மைனர் சாமான்கள் இங்கிலாந்துக்குப் போனது என்று நினைக்கும்போது இது கொஞ்சம் வலிக்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு பக்கத்துப் புரி வலம், மறுபக்கத்துப் புரி இடம். மாறி வாங்கினால் பூட்டவே முடியாது.

மூன்றாம் ஞாயிறு பூட்டினோம். பிறேக்கில் காற்று எடுக்க இன்னொரு ஆள் மிதிக்கவேண்டும், அதற்கு அம்மாவே வந்து இருந்தார். கை அசைகிற இடத்தில் இருக்கும் றப்பர் புஷ்களின் நட்டுகளைச் சில்லு தொங்கும்போது இறுக்கவேண்டாம், பிடித்து வைத்தால் போதும். காரை நிலத்தில் இறக்கி, நாலைந்து தடவை அமுக்கிவிட்ட பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால் கார் இறங்கினதும் றப்பர் முறுகின நிலையிலேயே நிற்கும், கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். புதுப் புஷ் நிற்கவில்லை, மலிவுச் சாமான் என்று குறை சொல்பவர்களில் பலர் இதைச் செய்திருக்கமாட்டார்கள்.

ஷொக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். மைனரின் முன் ஷொக் நெம்புகோல் மாதிரியானது, அதன் கையே சஸ்பென்ஷனின் மேல்கை. சும்மா கழற்றி எறிகிற சாமான் இல்லை. ஒயில் குறைந்திருந்தால் மூடியைத் துடைத்துத் திறந்து அதற்கென்ற ஒயிலை விடுங்கள், கராஜில் மிஞ்சின எஞ்சின் ஒயிலை ஊற்றவிடாதீர்கள். எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யவும் சொல்லவில்லை. கடற்காற்றில் அடிச்சட்டம் உக்கிப்போயிருந்தால், அதுவும் கீழ்க்கை பூட்டும் இடத்தில் உக்கல் இருந்தால், அது நல்ல வெல்டிங்காரரின் வேலை.

2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய கார்களுக்கு வந்த விலையைப் பார்த்தோம். கைமாறின கார்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்தார்கள், சீற் தைத்தார்கள், பாட்டுப்பெட்டி பூட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டாக முன்பக்கத்தில் இருக்கும் நான்கு ட்ரனியன் நிப்பிளைத் தேடினவர் எத்தனை பேர்? சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, பாரம் இறங்கின நிலையில் கிறீஸ் அடியுங்கள். அப்போதுதான் தேயும் பக்கத்துக்குள் அது போகும். பழைய கிறீஸ் கறுப்பாக வெளியே வந்து, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். பிறகு சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், இன்னொருவர் டோர்ச் அடித்து ட்ரனியனைப் பார்க்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால் அன்றே காரை நிறுத்துங்கள்.

கலியாண வீட்டுக் காரின் சொந்தக்காரர் மறுநாளே போன் எடுத்தார். காரை ஓட்டவேண்டாம், நிற்கட்டும் என்றேன். வருகிற ஞாயிறு மருமகனும் நானும் ஸ்டாண்டையும் கிறீஸ் கன்னையும் கொண்டு அங்கே போகிறோம். முதலில் அந்தப் பெயின்டைச் சுரண்டவேண்டும்.