ஒரு பனியனில் நொய்யலின் பங்கு மூன்று ரூபாய்

திருப்பூரில் ஓரளவு பெரிய பனியன் கம்பெனி எதற்குள் போனாலும் ரிசப்ஷன் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கும். ஆர்கானிக் பருத்திக்கு ஒன்று, ரசாயனப் பாதுகாப்புக்கு ஒன்று, மறுசுழற்சி நூலுக்கு ஒன்று, தொழிலாளர் நலனுக்கு ஒன்று. எல்லாம் காசு கட்டி, ஆடிட் வைத்து, வருடா வருடம் புதுப்பித்து வாங்கியவை. வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்கும் கம்பெனிகளுக்கு, விலை போட்டு ஆர்டர் முடித்துக் கொடுக்கிற மெர்ச்சண்டைசர் வேலையைப் பல வருடமாகப் பார்க்கிறவன் நான். அந்தச் சுவரைக் கேலி செய்ய மாட்டேன், அதில் சிலவற்றுக்கு நானே ஃபைல் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். நான் பேச வந்தது அந்தச் சுவரில் மாட்டப்படாத ஒரு காகிதத்தைப் பற்றி. காஸ்டிங் ஷீட், அதாவது ஒரு பனியனுக்கு ஆகிற செலவை ஒவ்வொன்றாகக் கட்டம் போட்டு எழுதுகிற தாள்.

நூல் விலை, நிட்டிங் கூலி, டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங்கிலிருந்து செக்கிங் வரைக்குமான கூலி, லேபிள், பட்டன், பாலி பேக், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி வாடகை எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனிக் கட்டம் இருக்கும். பாலி பேக் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கருக்குக்கூட பைசாக் கணக்கில் ஒரு கட்டம் உண்டு. எங்கள் ஊர் வழியாக ஓடுகிற நொய்யல் ஆற்றுக்கு மட்டும் கிடையாது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற செலவு டையிங் ரேட்டுக்குள் எங்கோ புதைந்து கிடக்கும். "டையிங்கில் கொஞ்சம் குறைங்க" என்று பையர் சொல்லும்போது, அந்தச் செலவையும் சேர்த்துத்தான் குறைக்கச் சொல்கிறார். அவருக்கு அது தெரியாது என்று நாம் நம்புவதாக நடிக்கிறோம்.

சுற்றுச்சூழலா பொருளாதாரமா என்று டிவி விவாதங்களில் இரண்டு கட்சியாக உட்கார்ந்து கத்துவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் ஊரில் அது ஒரே கேள்வி. பில் யார் பேரில் வருகிறது என்பதுதான் அது.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் தொழில் விவரம். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது உப்பு போடுவார்கள். தண்ணீருக்குள் பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும், உப்பு இடையில் வந்தால்தான் சாயம் துணிமேல் போய் உட்காரும். கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு உப்பு வெளியேறிவிடும். துணியில் துளியும் நிற்காது. நேவி, கறுப்பு, மெரூன் மாதிரி அடர் நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு வரைகூடப் போகும். போட்ட அவ்வளவும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வரும். கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை எடுப்பது பெரிய வித்தை இல்லை, பழைய முறையில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டாலே பெரும்பகுதி படிந்துவிடும். தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் கரிக்கும்.

அந்தத் தண்ணீர்தான் வருடக்கணக்காக நொய்யலுக்குப் போனது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் சேருகிற ஆறு. மழை பெய்தால் தண்ணீர், இல்லாவிட்டால் மணல். வருடம் முழுக்கப் பெருகி ஓடுகிற ஆறாக இருந்திருந்தால் உப்பு கரைந்து காணாமல் போயிருக்கும், இன்னும் இருபது வருடத்துக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. நொய்யலில் அது மறையவில்லை. ஒரு கட்டத்தில் ஆற்றில் ஓடியதே சாயத் தண்ணீரும் சாக்கடையும்தான்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடித்தது 1992இல். ஏறத்தாழ பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம், அதில் பெரும்பகுதி கரூர்ப் பக்கம், என்பது திட்டம். அதே காலத்தில்தான் திருப்பூர் ஏற்றுமதி கிடுகிடுவென்று ஏறியது. ஆக அணையில் தேங்கியது எங்கள் பட்டறைக் கழிவு. சில வருடத்திலேயே, அணை வேண்டும் என்று கேட்ட அதே விவசாயிகள், தயவுசெய்து இதில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்க வேண்டி வந்தது. தேக்கினால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் உப்பு, திறந்துவிட்டால் கீழே இருக்கிறவர்களின் வயல் உப்பு. ஒரு அணைக்கு இப்படி ஒரு கதி வந்தது நாட்டில் வேறெங்காவது உண்டா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அந்தப் பக்கம் ஒரு விவசாயியின் தோட்டத்தில் பார்த்த கிணறு இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் இல்லாத கிணறு இல்லை, கைக்கெட்டும் உயரத்தில் தண்ணீர் நின்றது. பம்புசெட்டின் இரும்புக் குழாயில் மேல்தோல் உரிந்து துரு பாளம் பாளமாகத் தொங்கியது, தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூப் பூத்திருந்தது. தென்னை ஓலை நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. "கரண்ட்டு ஃப்ரீதானுங் தம்பி, தண்ணியும் இருக்குது. எடுத்து ஊத்துனா மரம் செத்துப்போகுமுங்" என்றார். மாட்டுக்குத் தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. கொறங்காட்டில் மாடு மேய்த்து, காங்கயம் காளை வளர்த்துப் பிழைத்த பூமி அது.

நஷ்டஈடு கிடைத்ததே என்பீர்கள். கிடைத்தது. அதற்கென்று அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளைக் கணக்கெடுத்து, 2002 முதல் 2004 வரைக்குமான இழப்பு என்று சுமார் 24.79 கோடி ரூபாயை நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரியாக எட்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். ஒரு தென்னை பலனுக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தொகைக்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நீதிமன்றக் கதை நீளமானது, நான் ஓட்டிவிடுகிறேன். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்று கெடு வைத்து, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் போட்டது. இதில் ஒரு வேடிக்கை. உப்பைப் பிரித்தெடுத்து முழுசாகச் சுத்திகரிக்க ஆகிற செலவு அந்த அபராதத்தைவிட அதிகம். வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பான்? அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை, கணக்கை அப்படிப் போட்டது அவன் இல்லை. 2009இல் உச்ச நீதிமன்றமும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது. எழுநூற்றுச் சொச்சம் பட்டறை. அன்றைக்குத்தான் திருப்பூருக்கு நொய்யல் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது என்று சொல்வேன். வாரச் சம்பளம் நின்று, வெளியூர்த் தொழிலாளிகள் மூட்டை கட்டிக் கிளம்பிய மாதங்கள் அவை. அப்புறம் அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்து, தொழில்நுட்பம் ஒரு வழிக்கு வந்து, ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்.

இப்போது கழிவுத் தண்ணீரை முதலில் பாக்டீரியா தின்கிறது, பிறகு ஆர்ஓ. அதில் கிடைக்கும் நல்ல தண்ணீர் மறுபடியும் பட்டறைக்கே போகிறது. மிஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பையும் எடுத்து அதையும் திரும்பச் சாயத்துக்கே போடுகிறார்கள். இவ்வளவு பெரிய ஜவுளி நகரம் ஒன்று இதைச் செய்து காட்டியது சாதாரண விஷயமில்லை. எங்கள் ஊர்க்காரன் என்ற பெருமை எனக்கு நிஜமாகவே உண்டு.

சரி, இதன் விலை என்ன? ஒரு கணக்குக்காக, சுத்திகரிப்புக்கு லிட்டருக்குக் கால் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணிக்கு 60 லிட்டர் தண்ணீர். 15 ரூபாய் ஆச்சு. ஒரு கிலோ துணியில் சாதாரண ரவுண்ட் நெக் பனியன் ஐந்து வரும். ஒரு பனியனுக்கு மூன்று ரூபாய். நிறம், மெஷின், பட்டறையைப் பொறுத்து கொஞ்சம் ஏறும் இறங்கும். டாலரில் சொன்னால் மூன்று நாலு சென்ட். அதே பனியன் ஐரோப்பாவில் கடையில் பத்து யூரோவுக்குத் தொங்குகிறது. பத்தாயிரம் ஏக்கர் நிலம், ஒரு அணை, அத்தனை கிணறு, எல்லாம் போனது இந்த மூன்று ரூபாயைக் கொடுக்க யாரும் இல்லாததால்தான்.

இன்றைக்கும் அதைக் கொடுப்பது பையர் இல்லை. சீசனுக்குச் சீசன் எனக்கு வருகிற மெயில்களில், "எங்கள் 2030 நிலைத்தன்மை இலக்குகள்" என்று ஒரு பத்தி இருக்கும், அதற்கு நேர் கீழே "டார்கெட் விலைக்கு இன்னும் 5 சென்ட் குறைய வேண்டும்" என்று ஒரு பத்தி இருக்கும். இரண்டும் ஒரே ஆள் அனுப்பியதுதான். எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் அந்த 5 சென்ட்டுக்காகப் பேசப் போனபோது அவர் கேட்டார்: "ஈபி பில்லைக் குறைக்க முடியாதுங்க, சாயம் விலை ஏறிட்டுப் போகுது, ஆள் கூலி பேசித் தீர்த்தது. மிச்சம் இருக்கிறது தண்ணிதானுங்க. அதுல கை வைக்கச் சொல்றீங்களா?" நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. திருப்பூரில் பிடி இறுகியபோது சாய வேலை நின்றுவிடவில்லை, இடம் மாறியது. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாத பட்டறைகளை இடிக்கிற செய்தி இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. நொய்யல் தப்பித்தால் ஈரோட்டுப் பக்கம் பாசனத்துக்கு ஓடுகிற காளிங்கராயன் வாய்க்கால் மாட்டிக்கொள்கிறது. ஒழுங்காகச் செலவு செய்கிறவனுக்கு ரேட் அதிகம், திருட்டுத்தனமாக விடுகிறவனுக்கு ரேட் குறைவு, ஆர்டர் குறைந்த ரேட்டுக்குப் போகிறது. வேறு மாநிலங்களிலும் இதே கண்டிப்பு இருந்தால் இந்தப் போட்டி இருக்காது. நல்லவனாக இருப்பதற்கு அபராதம் கட்ட வைப்பது என்ன மாதிரியான சூழல் பாதுகாப்பு என்று எனக்குப் புரியவில்லை.

சுத்திகரிப்பையும் கோயில் மாதிரி கும்பிட வேண்டாம். உப்புத் தண்ணீரைக் காய்ச்சப் பாய்லர் ஓட வேண்டும், அதற்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டுகளில் அடுக்கிக் கிடக்கிறது. மழையில் நனைந்தால் மறுபடியும் ஆற்றுக்கே வரும் சரக்கு அது. ஆற்றைக் காப்பாற்ற காற்றில் கொஞ்சம் புகை விடுகிறோம். முதலிலேயே உப்புக் குறைவாகவும் தண்ணீர் குறைவாகவும் சாயம் போடும் முறைகளுக்கு மாறினால் இந்தச் சுமை நிறையவே குறையும். அதற்குப் புது மெஷின் வேண்டும், மெஷினுக்கு முதல் வேண்டும், டையிங் ரேட்டில் ஐந்து சென்ட் குறைத்துக்கொண்டே இருந்தால் முதல் எங்கிருந்து வரும்?

கணக்கு ஒத்துவந்தால் எங்கள் ஆட்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. உடுமலை, பல்லடம் பக்கம் போனால் சுழலும் காற்றாலைகளில் கணிசமானவை பனியன் கம்பெனிக்காரர்கள் போட்டவை. பூமி சூடாவதை நினைத்துக் கண்ணீர் விட்டுப் போட்டதில்லை. கரண்ட் பில் மிச்சம், அதோடு ஒரு காலத்தில் முதல் வருடமே 80 சதவீதம் தேய்மானம் காட்டலாம் என்று வரிச்சலுகை இருந்தது. காரணம் எதுவானால் என்ன, காற்றாலை ஓடுகிறது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இங்கே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். ஏற்றுமதியாளர் அதைப் பிரித்து நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று கீழே தள்ளினார். கூலிக்கு அந்த வேலைகளைச் செய்து கொடுக்கிற ஜாப் ஒர்க்காரருக்குத் தள்ள ஆள் இல்லை, ஆறுதான் இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது ரொம்பச் சின்ன விஷயம். சுத்திகரிப்புக் கட்டணத்தை டையிங் ரேட்டிலிருந்து வெளியே எடுத்து, ஜிஎஸ்டி மாதிரி பில்லில் தனியாகப் போட வேண்டும். காஸ்டிங் ஷீட்டிலும் தனிக் கட்டம். ஜிஎஸ்டியில் யாராவது பேரம் பேசுகிறார்களா? தனியாக நிற்பதால்தான் அதில் யாரும் கை வைப்பதில்லை. பையர் அதையும் குறைக்கச் சொன்னால், எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்று தெரிந்தே அவர் கைப்பட மெயிலில் எழுதட்டும். அந்த மெயிலை அவர்களின் நிலைத்தன்மை அறிக்கையோடு சேர்த்து வைக்கலாம்.

உடனே ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும் என்று கமெண்ட் வரும். தெரிந்ததுதான், டாக்கா பக்கத்து ஆறுகளின் நிலைமையும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு கம்பெனி தனியாகச் செய்தால்தான் அந்தப் பயம். பருத்தி இறக்குமதி வரி 11 சதவீதத்தை எடுக்கச் சொல்லி ஜவுளிச் சங்கங்கள் எல்லாம் ஒன்றாக நின்று டெல்லிக்கு மனு மேல் மனு போட்டு, 2025 ஆகஸ்டில் தற்காலிகமாகவாவது எடுக்க வைத்தார்கள். நூல் விலை ஏறினால் கதவடைப்பு நடத்துகிற ஊர் இது. அடுத்த மனுவில் இந்த மூன்று ரூபாயையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் காகிதம் ஒன்றும் கூடுதலாகச் செலவாகாது.